கோவாவில் சேறு பார்த்தேன்!

"கோவாவுக்கா? எத்தனை பாட்டில் வாங்கிட்டு வருவே?" லீவ் லெட்டரை நீட்டியதும் செக்ஷனில் வந்த முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, "வீட்ல சொல்லிட்டியா?"

"பீச்சுக்கு இல்லப்பா. சேறு பார்க்கப் போறேன்" என்றேன். செக்ஷனே சிரித்தது. ஹெட்கிளார்க் மட்டும் சிரிக்காமல், "புதுக் காரணமா இருக்கே. அடுத்த வருஷம் நானும் எழுதிக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

நிஜமாகவே சேறுதான். எங்கள் தெருப் பையன் ஒருவன், மதுரைக்காரன், கோவாவில் கடலியல் ஆராய்ச்சி செய்கிறான். ஊருக்கு வந்திருந்தபோது ஒரு வார்த்தை சொன்னான்: "கோவாவுக்கு வர்றவங்க எல்லாம் தண்ணியைத்தாண்ணே பார்க்கறாங்க. ரெண்டு அர்த்தத்துலயும்! தண்ணிக்கு அடியில என்ன கெடக்குன்னு ஒருத்தரும் பார்க்கறதில்ல." அதுதான் 2025 ஜனவரியில் என்னைப் பனாஜி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கியது.

கோவாவின் மொத்தப் பரப்பே 3,702 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் மாண்டோவி, ஜுவாரி என்று இரண்டு பெரிய ஆறுகள். இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூக்கு நுனிதான் டோனா பாவ்லா. அங்குள்ள படகுத் துறையைக் காட்டி, "கமல்ஹாசன் இங்கேதான் 'ஏக் தூஜே கே லியே' நடிச்சார்" என்று கைடுகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே டோனா பாவ்லாவில்தான் 1966-ல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய கடலியல் நிறுவனமும் இருக்கிறது. அதைக் காட்ட எந்தக் கைடும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தியிருந்தால், இந்தச் சேற்றுக் கதையின் முதல் பாகம் அங்கே எழுதப்பட்டது என்று தெரிந்திருக்கும்.

தம்பி ஒரு வாடகைக் கார் பிடித்து வைத்திருந்தான். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கொங்கணிக்காரர். என் ஹிந்தி தூர்தர்ஷன் பார்த்து வந்த ஹிந்தி. அவருக்கு அதுவே தாராளம். நாங்கள் பேசியதைத் தமிழிலேயே தருகிறேன்.

பனாஜியிலிருந்து ரிபந்தருக்குப் போகிற சாலை, ஆற்றோரச் சதுப்பின் குறுக்கே போர்ச்சுகீசியர்கள் 1633-34-ல் கட்டியது. முழுக்க செம்பாறாங்கல். இன்றைக்கும் அதன்மேல் பஸ் ஓடுகிறது. நம்ம ஊரில் போன தீபாவளிக்குப் போட்ட ரோடு இந்தத் தீபாவளிக்கு இருப்பதில்லை என்ற துக்கத்தோடு அதைக் கடந்தேன். ரிபந்தரில் காரோடு படகில் ஏறி அக்கரையில் சொராவ் தீவு. இறங்கியதும் சலீம் அலி பெயரில் பறவைகள் சரணாலயம். சுற்றிலும் அலையாத்திக் காடு. எல்லாரும் பைனாகுலரில் மேலே பார்க்க, நாங்கள் மூவர் மட்டும் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினோம்.

முதல் அடியிலேயே ஒரு செருப்பு போயிற்று. இரண்டாவது அடியில், பள்ளிக்கூட லேபில் கிப்ஸ் உபகரணத்தைத் திறந்ததும் வருமே, அதே அழுகிய முட்டை நாற்றம்.

"ஹைட்ரஜன் சல்ஃபைடுண்ணே. சேத்துக்குள்ள ஒரு விரக்கடைக்குக் கீழ போனா ஆக்சிஜன் கிடையாது. காத்து வேண்டாத பாக்டீரியா மட்டும்தான் குடித்தனம்" என்றபடி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கினான் தம்பி. மேல் வாயை மூடி இழுத்தான். கரும்பு மாதிரி நீளமாக ஒரு சேற்றுத் தூண் வந்தது.

மேலே கொஞ்சம் செம்பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. "பார்த்தியா! மேல சிவப்பெல்லாம் சுரங்கத்து மண்ணு" என்று நான் கண்டுபிடித்துவிட்ட குஷியில் சொன்னேன்.

"அவசரப்படாதீங்கண்ணே. காத்து படற சேறு எந்த ஊர்லயும் மேல பழுப்பாத்தான் இருக்கும். அதுவும் இது செம்பாறாங்கல் பூமி. சுரங்கமே இல்லாட்டியும் மழைத்தண்ணியில இரும்பு வரத்தான் செய்யும். கண்ணால பார்த்துக் கேஸ் போட முடியாது."

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கறீங்க?"

"உங்க சம்பளம் பத்து வருஷத்துல ரெண்டு மடங்காயிருக்குன்னு வெச்சுக்குவோம். பணக்காரர் ஆயிட்டீங்களா?"

"விலைவாசி மூணு மடங்காயிருக்கே!"

"அதே கணக்குதாண்ணே. சேத்துல இரும்பு எவ்வளவுன்னு மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கூடவே அலுமினியம் எவ்வளவுன்னும் பார்க்கணும். சாதாரணக் களிமண்ணு வந்து விழுந்தா ரெண்டும் சேர்ந்தே ஏறும். அலுமினியம் ஏறாம இரும்பு மட்டும் ஏறியிருந்தா, அது இயற்கையா வந்த வரவு இல்ல. வேற எங்கிருந்தோ வந்த வரும்படி."

இந்தத் தூணைப் பட்டை பட்டையாக அறுத்து, காய வைத்து, ஒவ்வொரு பட்டையையும் சோதிக்கிறார்கள். கீழ்ப் பட்டை பழசு, மேல் பட்டை புதுசு. நம் பாங்க் பாஸ்புக் மாதிரிதான், ஆனால் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய பாஸ்புக். தேதி எப்படிப் போடுவார்கள்? காற்றிலிருந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்கப் பொருள் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் அந்தப் பட்டைக்கு வயது கிடைத்துவிடும். வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்து விளையாடியதில் சிதறிய சீசியம் 1963-ஐ ஒட்டித்தான் உலகமெங்கும் அதிகம் விழுந்தது. அந்தத் தடம் அகப்பட்டால், அதுவே ஒரு தபால் முத்திரை. எங்கோ ரஷ்யாவிலும் பசிபிக்கிலும் வெடித்ததற்குக் கழிமுகச் சேறு தேதி குறித்து வைத்திருக்கிறது!

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது காந்த சோதனை. சின்ன வயதில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, நூலில் கட்டி, தெருமண்ணில் இழுத்து இரும்புத்தூள் சேர்த்திருக்கிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதையேதான் பெரிய மெஷின் வைத்து செய்கிறார்கள். தாதுத் தூள் கலந்த சேறு காந்தத்துக்கு அதிகமாக மசிகிறது. மாண்டோவி கழிமுகத்தில் எடுத்த தூண்களைப் பற்றி வெளியான ஆய்வுகள் பலவற்றில், மேலடுக்குகளில் இரும்பும் மாங்கனீசும் கூடியிருப்பது பதிவாகியிருக்கிறது.

சரி, இந்த வரும்படி எங்கிருந்து வந்தது?

கிழக்கே, மலையடிவாரத்தில், பிச்சோலிம், சங்கேலிம், குர்ச்சோரெம் பக்கமெல்லாம் இரும்புத் தாது. போர்ச்சுகீசியர்கள் காலத்திலேயே சுரங்க உரிமைகளை வாரி வழங்கிவிட்டார்கள். 1950-களில் ஜப்பான் வாங்க ஆரம்பித்தது. 2000-க்குப் பிறகு சீனா வந்தது. மட்ட ரகம், தூள், எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. 2010-11-ல் கோவாவிலிருந்து கப்பலேறிய தாது 5 கோடி டன்னுக்கும் மேல்.

இதில் ஒரு சின்ன கணக்கு. ஒரு டன் தாது எடுக்க இரண்டரை முதல் மூன்று டன் வேண்டாத மண்ணைத் தோண்டிப் போட வேண்டும். ஆற்றில் தாது ஏற்றிப்போகும் தட்டைப் படகுக்கு 'பார்ஜ்' என்று பெயர். 2,000 டன் பார்ஜ் ஒன்று நிறைந்து கிளம்பினால், மலையில் ஐயாயிரம் ஆறாயிரம் டன் மண் குவியலாக நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் குவியல்மேல் ஜூன் மாதம் கோவா மழை இறங்கும். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி நாலே மாதத்தில். சென்னைக்கு இரண்டு வருஷம் பெய்கிற மழை!

மண் கரைந்து ஓடைக்கு வரும், ஓடை ஆற்றுக்கு வரும், ஆறு கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடும், பிரச்னை தீர்ந்தது என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். இங்கேதான் கழிமுகம் ஒரு வேலை செய்கிறது.

நைஸான களிமண் துகள் ஒவ்வொன்றின்மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் மிதக்கும்வரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வரும். ஒரே கட்சிக்குள் இருக்கும் கோஷ்டிகள் மாதிரி, சேரவே சேராது. கழிமுகத்தில் கடலின் உப்பு வந்து கலந்ததும் அந்த விரோதம் தணிந்து, துகளும் துகளும் கைகோத்துக்கொள்ளும். கூட்டணி! கூட்டணி சேர்ந்ததும் கனம் கூடும். கனம் கூடினால் மூழ்கும். (அரசியலிலும் இது நடப்பதுதான்.) ஆக, மலையிலிருந்து வந்த மண்ணில் ஒரு பெரும் பங்கு கடலைப் பார்க்காமலேயே கழிமுகத்தின் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளம் வெளியே தள்ளினாலும் ஏற்றம் வந்து உள்ளே தள்ளும். அலையாத்தி வேர்கள் சீப்பு மாதிரி நின்று வாரி வைத்துக்கொள்ளும்.

இரும்பு என்ன விஷமா? டாக்டரே டானிக்காக எழுதிக் கொடுக்கிறாரே? தம்பியிடம் கேட்டேன்.

"இரும்பு தனியா வராதுண்ணே. இரும்புத் துரு ஒரு ஸ்பாஞ்சு மாதிரி. வழியில இருக்கற ஈயம், குரோமியம், பாஸ்பேட் எல்லாத்தையும் ஒட்டிக்கிட்டு வந்து கீழ உக்காந்துரும். அது வரைக்கும் பரவாயில்ல. ஆழத்துல புதைஞ்சதும், காத்து வேண்டாத பாக்டீரியா இருக்கே, அது துருவைக் கரைக்க ஆரம்பிக்கும். துரு கரைஞ்சா, ஒட்டியிருந்ததெல்லாம் மறுபடி தண்ணிக்கு வந்துரும். சுரங்கம் மூடி வருஷக்கணக்கா ஆனாலும் கீழயிருந்து கசிஞ்சுக்கிட்டே இருக்கலாம்."

கடனை அடைத்த பிறகும் வட்டி கேட்டு நோட்டீஸ் வருவது மாதிரி!

அலையாத்தியிலிருந்து ஏறி, பம்பு செட்டில் கால் கழுவினோம். கழுவக் கழுவ செம்மண் குழம்பு ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் இவ்வளவு நேரமும் ஒன்றும் பேசவில்லை. என் பாதத்தைப் பார்த்து, "ஸார், அது சோப்புக்குப் போகாது. தேங்காய் நாரால தேய்ங்க. பதினஞ்சு வருஷம் நான் அப்படித்தான் குளிச்சேன்" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குச் சொந்த ஊர் பிச்சோலிம் பக்கம். தாது லாரி ஓட்டியவர். ஒன்று இரண்டாகி, இரண்டையும் பாங்க் கடனில்தான் வாங்கியிருந்தார். சுரங்கத்திலிருந்து படகுத்துறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை முடியுமோ அத்தனை. "காசு மழை மாதிரி கொட்டிச்சு ஸார். வாசல்ல காயப் போட்ட துணியெல்லாம் சிவப்பு, சாப்பாட்டுல சிவப்பு, குழந்தைக்கு இருமல். ஆனா காசு கொட்டிச்சு." 2012 செப்டம்பரில் எல்லாம் நின்றது. இரண்டு லாரியும் வீட்டு முன்னால் நின்றன. ஒன்றின்மேல் பூசணிக்கொடி படர்ந்ததாம். "பூசணிக்காய் மட்டும் நல்லாக் காய்ச்சது" என்றார் சிரிக்காமல்.

அந்த நிறுத்தத்தின் கதை நீளம். சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். ஷா கமிஷன் அறிக்கை 2012 செப்டம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. உடனே மாநில அரசு சுரங்க வேலையை நிறுத்த, அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் தடை போட்டது. 2014 ஏப்ரலில், குத்தகைகள் 2007 நவம்பரிலேயே காலாவதி என்று தீர்ப்பு. வருஷத்துக்கு 2 கோடி டன் என்ற உச்சவரம்போடு மறுபடி அனுமதி. பிறகு மாநில அரசு புதுப்பித்துக் கொடுத்த 88 குத்தகைகளையும் 2018 பிப்ரவரியில் கோர்ட் ரத்து செய்ய, மார்ச்சில் மீண்டும் பூட்டு. 2022-ல் ஏலம் ஆரம்பித்து, 2024-ல் வெட்டுகிற வேலை திரும்பத் தொடங்கிவிட்டது. டி.வி. சீரியல்கூட இத்தனை தடவை திரும்பியிருக்காது.

மறுநாள் விடியற்காலை பனாஜி மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் டிரைவர், "மாவ்ஷி!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். மாவ்ஷி என்றால் சித்தி. அவர் எதிரில் கூறு கூறாக மட்டி. கோவாக்காரர்கள் அதைத் 'திஸ்ரியோ' என்கிறார்கள். தேங்காய்த் துருவல் போட்டுப் புரட்டி எடுத்தால் மீனை மறந்துவிடலாம். சாப்பிட்டேன், அதனால் சொல்கிறேன்.

மட்டி பிடிக்க வலை, படகு, டீசல் எதுவும் வேண்டாம். நீர் வற்றும் நேரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாதத்தால் தரையைத் தடவ வேண்டும். கெட்டியாகத் தட்டுப்பட்டால் குனிந்து எடுக்க வேண்டியதுதான். பெரும்பாலும் பெண்கள் வேலை. முதல் இல்லாத வியாபாரம் என்பதால், முதல் இல்லாதவர்கள் செய்கிறார்கள்.

"என் அம்மாகூடப் போவேன். அப்ப காலுக்குக் கீழ மணலும் சேறும் கலந்து, மிதிச்சா நிக்கும்" என்றார் மாவ்ஷி. "அப்புறம் கூழ் மாதிரி ஆயிடுச்சு. கால் கணுக்கால் வரைக்கும் போய்த்தான் தரை தட்டும். கூழுக்குள்ள திஸ்ரியோ எப்படி இருக்கும்? அது என்ன, எருமையா?"

இந்த அம்மாவின் கால் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் 1986-லேயே எழுதிவிட்டார்கள். தேசிய கடலியல் நிறுவனத்தின் பாருலேகர், அன்சாரி, இங்கோலே மூவரும் மாண்டோவி, ஜுவாரி, இரண்டையும் இணைக்கும் கும்பார்ஜுவா கால்வாய் மூன்றின் தரையையும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அது. சுரங்கக் கழிவு மண் போர்வை மாதிரி தரையை மூடியதில், பத்தே வருஷத்துக்குள் மட்டி விளைச்சல் 70 சதவீதம் வரை விழுந்துவிட்டது என்றார்கள். பரம்பரையாகக் குடியிருந்த உயிர்கள் ஏறக்குறைய அற்றுப்போய், எதையும் தாங்கிக்கொள்ளும் நாடோடி இனங்கள் சில மட்டும் வந்து போவதாகவும் எழுதினார்கள். கவனியுங்கள், 1986. சீனா வாங்க வருவதற்கு வெகு காலம் முன்னால்.

மட்டி ஏன் இப்படி அடிபடுகிறது? அது ஒரு ஃபில்டர். தண்ணீரை உறிஞ்சி, செவுளில் வடிகட்டி, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறது. வீட்டில் காபிப் பொடியை ரொம்ப நைஸாக அரைத்து ஃபில்டரில் போட்டுப் பாருங்கள். டிகாக்ஷன் இறங்காது. தட்டினாலும் இறங்காது. தாதுக் களிமண் அந்த ரகப் பொடி. மீனாக இருந்தால் வேறு இடம் பார்த்து நீந்திவிடும். மட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது.

ஜுவாரியில் சிக்கலிம் பக்கம் இன்னொரு சிப்பி இருக்கிறது. தட்டையாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். கண்ணாடி கிடைக்காத காலத்தில் கோவாவின் பழைய வீட்டு ஜன்னல்களில் இந்தச் சிப்பியைத்தான் சட்டத்தில் கோத்துப் பதித்தார்கள். வெயில் உள்ளே பால் மாதிரி விழும். இன்றைக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிற இந்தச் சிப்பியும் குடியிருப்பது சேற்றுத் தரையில்தான். ஓடிப்போக இதற்கும் வழி கிடையாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாண்டோவியின் எல்லாக் கஷ்டத்தையும் சுரங்கத்தின் தலையில் கட்ட முடியாது. நகரத்துச் சாக்கடை இருக்கிறது. ஆற்று மணலை அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பனாஜிக்கு எதிரிலேயே ராத்திரி முழுக்க சீரியல் செட் போட்டுக்கொண்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்கள் இருக்கின்றன. குஞ்சு மட்டியையும் விடாமல் அள்ளுகிறவர்களும் உண்டு என்று மாவ்ஷியே திட்டினார். ஆனால் தரை என்கிற அஸ்திவாரத்திலேயே கை வைத்தது எது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பதில் ஒன்றுதான்.

அன்றைக்கு மத்தியானம் ஆற்றை எதிர்த்துக் கிழக்கே கிளம்பினோம். வழியில் கும்பார்ஜுவா. மழைக்காலத்தில் அகுவாடா முகத்துவாரத்தில் மணல்திட்டு வழி மறிக்கும். அப்போது மாண்டோவி பார்ஜுகள் இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஜுவாரிக்குத் தாண்டி மர்மகோவா துறைமுகம் போகும். இந்த உப்புத் தண்ணீர்க் கால்வாயில் முதலைகள் வேறு இருக்கின்றன. சுற்றுலாப் படகு விட்டு முதலை காட்டுகிறார்கள். நாங்கள் போனபோது ஒரே ஒரு முதலை கரையில் வாயைத் திறந்தபடி கிடந்தது. அதன் முதுகும் செம்பழுப்பு. சேறுதான். மேக்கப் இல்லை.

கரையோரம் நெடுக 'கஜான்' வயல்கள். கடல் தண்ணீர் ஏறுகிற தாழ்ந்த நிலத்தை மண் கரை போட்டுத் தடுத்து, மரக்கதவு வைத்து, ஏற்றத்தில் மூடி வற்றத்தில் திறந்து, நூற்றாண்டுகளாக நெல்லும் மீனும் எடுத்திருக்கிறார்கள். இதற்கு ஆற்றின் தரை எந்த உயரம் என்பது முக்கியம். தரை மண்ணேறி உயர்ந்தால் கதவு கணக்கு தப்பும். கரை உடைந்தால் வயலில் வந்து நிற்பது உப்பு மட்டும் இல்லை, செங்குழம்பும்தான். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும் என்று டிரைவர் காட்டினார். அவர் மாமனாருக்கு ஒரு துண்டு நிலம் இருந்ததாம். "லாரி நான் ஓட்டினேன், மண்ணு அவர் வயல்ல வந்து நின்னுச்சு. நாலு வருஷம் மாப்பிள்ளைகூடப் பேசல."

பிச்சோலிம் தாண்டி, வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எதிரில் ஒரு மலை. நல்ல பச்சை. "அழகா இருக்கே, பேர் என்ன?" என்றேன்.

"அது மலை இல்ல ஸார். கழிவுக் குவியல். மேல அகேசியா நட்டிருக்காங்க."

உற்றுப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே மழை கீறிய வாய்க்கால்கள், சிவப்பாக, பூனை பிறாண்டினது மாதிரி. கோர்ட் பூட்டுப் போட்ட அத்தனை வருஷமும் இந்த மலைகள் இங்கேயேதான் நின்றன. மழைக்கு ஸ்டே ஆர்டர் கிடையாதே! ஒவ்வொரு ஜூனிலும் கொஞ்சம் கரைந்து, சொராவ் தீவை நோக்கி நடந்திருக்கும்.

தம்பி எதிரே ஓடையில் இறங்கி, பாட்டிலில் தண்ணீரும் பையில் சேறும் எடுத்துக்கொண்டு வந்தான். டிரைவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ரெண்டு நாளாக மனசில் இருந்ததைக் கேட்டார்.

"கீழ உக்காந்த மண்ணு போயிடுமா தம்பி? மெஷின் வெச்சு அள்ளிட முடியாதா?"

"அள்ளினா கலங்கும். கீழ அடங்கிக் கெடக்கற உலோகமும் சேர்ந்து கிளம்பும். அதுவா போகவும் போகாது. புது மண்ணு விழுந்து மூடினாத்தான் உண்டு. வருஷத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் விழுதுன்னு வெச்சுக்கங்க. ஒரு சாண் மூடறதுக்கு நாப்பது வருஷத்துக்கு மேல ஆயிடும். அதுவும், விழற மண்ணு சுத்தமா இருந்தாத்தான்."

டிரைவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மறுபடி லாரி எடுக்கலாம்னு இருக்கேன் ஸார். பழைய கடனே இன்னும் கொஞ்சம் பாக்கி. டாக்ஸியில வட்டி கட்ட முடியல. சுரங்கம் திறந்துட்டாங்க, வண்டி கேக்கறாங்க" என்றார். பதில் சொல்வதற்குள் அவரே அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "இந்தத் தடவை தார்ப்பாய் போட்டு, கட்டி, சிந்தாமத்தான் ஓட்டுவேன்."

தம்பி எதிரே இருந்த பச்சை மலையைக் காட்டினான். "லாரிக்கு நீங்க போட்டுருவீங்க. அதுக்கு யாரு தார்ப்பாய் போடறது?"

டிரைவர் கொஞ்ச நேரம் அந்த மலையையே பார்த்தார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். மூணு மணிக்கு வற்றம் ஆரம்பிக்கிறது, அதற்குள் பார்ஜ் துறைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய் இறக்கியாக வேண்டும் என்று தம்பி பரபரத்தான். வண்டியில் ஏறினோம்.